கால்மணிச் சமையலர்

வாரத்தில் ஆறு நாளும் தண்ணீர் குடிக்க மட்டுமே சமையலறைப் பக்கம் வந்துபோகும் குடும்பத்தலைவர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கம் கலைந்ததும் அந்த அறையின் தலைமைப் பொறுப்பைத் தாமாகவே ஏற்றுக்கொள்ளும் வழக்கம் சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பரவலாகக் காணப்படுகிறது. இவ்வகையினரைக் 'கால்மணிச் சமையலர்' என்று குறிப்பிடலாம். எந்த உணவைச் செய்யப் புகுந்தாலும், அது பதினைந்து நிமிட வேலைதான் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு அடுப்பை அணுகுபவர் என்பது இதன் வரையறை. நாள்தோறும் சமைக்கும் ஆண்கள் இவ்வகையில் சேரமாட்டார்கள். அவர்கள் எதையும் அறிவிப்பதில்லை, எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராவது கேட்டாலும் "ஆகும்போது ஆகும், போய் உட்காரு" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். கால்மணிச் சமையலருக்கோ அறிவிப்புதான் முதல் பதார்த்தம். "இன்னைக்கு ராத்திரி யாரும் கிச்சனுக்கு வராதீங்க, எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்" என்று அவர் சொல்லும்போது, வீட்டிலுள்ள மற்றவர்கள் அன்றிரவு முழுவதும் கிச்சனில்தான் இருக்கப்போகிறோம் என்பதை அனுபவத்தால் உணர்ந்துகொள்கிறார்கள்.

இவர் தேர்ந்தெடுக்கும் உணவு பெரும்பாலும் பூண்டு இறாலும் சோறும்தான். இத்தேர்வில் நியாயம் இல்லாமலில்லை. இறாலின் சதை மெல்லியது. நல்ல சூட்டில் மூன்று நான்கு நிமிடங்களில் வெந்துவிடும். பூண்டு, வெண்ணெய், மிளகு, எலுமிச்சை என்று கூடவரும் பொருள்களும் சொற்பமே. ஸ்பெயினில் ஆலிவ் எண்ணெயில் பூண்டையும் காய்ந்த மிளகாயையும் பொரியவிட்டு, அதில் இறாலைப் புரட்டி, மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து வைக்கும் 'காம்பாஸ் அல் அஹீயோ' என்ற பண்டம் உண்டு. அதை ரொட்டியால் தொட்டுச் சாப்பிடுவார்கள். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஓஆஹுவின் வடகரையில், கஹுக்கு என்னும் ஊரையொட்டி நிற்கும் வண்டிக்கடைகளில், பூண்டும் வெண்ணெயும் வழியும் இறாலைச் சோற்றோடு தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். கால்மணிச் சமையலர் இவ்விரண்டையும் கைப்பேசியில் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டும் ஒன்றே என்ற முடிவுக்கு வந்தவர். அந்தக் காணொளிகளில் இறால் உரித்த நிலையிலும், பூண்டு நறுக்கிய நிலையிலும், சோறு வெந்த நிலையிலும் சிறுசிறு கண்ணாடிக் கிண்ணங்களில் காத்திருக்கும். அக்கிண்ணங்களை நிரப்பிய கை மட்டும் திரையில் வருவதில்லை. பதினைந்து நிமிடம் என்ற கணக்கு அங்கிருந்து பிறந்தது.

காசிமேட்டில் விடியற்காலையிலேயே ஏலம் முடிந்து சரக்கு ஊருக்குள் பிரிந்துபோய்விடும். இவர் மாலை ஐந்து மணிக்கு வீட்டருகிலுள்ள மீன் சந்தைக்குப் போய், காலையிலிருந்து ஐஸில் கிடப்பவற்றுள் புதியதைத் தேடுவார். "கடல் எறாதானேம்மா?" என்பது இவருடைய முதல் கேள்வி, "கடல்லேர்ந்து இப்பத்தான் வந்துது சார்" என்பது அதற்குரிய பதில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்களுக்குக் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போவதில்லை. அந்த நாள்களிலும் இந்தக் கேள்வியோ பதிலோ மாறுவதில்லை. உண்மையில் அவர் வாங்குவது பெரும்பாலும் வனாமி இறாலாகவே இருக்கும். வனாமி என்பது மெக்சிகோ தொடங்கிப் பெரு வரையிலான பசிபிக் கரையைப் பிறப்பிடமாகக் கொண்ட வெள்ளை இறால். 2009இல் இந்தியாவில் அதை வளர்க்க அனுமதி கிடைத்த பிறகு, ஆந்திரக் கரையோரக் குளங்களிலிருந்து லாரி ஏறி ஊரெங்கும் வந்துசேரத் தொடங்கியது.

இறால் வணிகத்தில் 'கவுண்ட்' என்று ஒரு வழக்கு உண்டு. ஒரு கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கும் என்பதே கவுண்ட். ஆகவே முப்பது கவுண்ட் பெரிய இறால், அறுபது கவுண்ட் சிறிய இறால். கால்மணிச் சமையலர் இச்சொல்லை எங்கோ கேட்டிருக்கிறார். அதன் பொருளைக் கேட்டதில்லை. தேர்வு மதிப்பெண்ணைப் போல எண் கூடக் கூடத் தரமும் கூடும் என்ற நம்பிக்கையில், விவரம் தெரிந்தவர் தோரணையில் "அறுபது கவுண்ட்டே போடுங்க" என்று கேட்டு வாங்குவார். ஒரே எடைக்கு உரிக்க வேண்டியவை இருமடங்காயின என்ற செய்தி வீடு வந்து பையைக் கவிழ்க்கும்போதுதான் வெளிப்படும், அதுவும் உரிக்கப்போகிறவர்களுக்குத்தான்.

சந்தையின் ஓரத்திலேயே அரிவாள்மணையோடு அமர்ந்திருக்கும் பெண்கள் கூலிக்கு மீனை அரிந்தும் இறாலை உரித்தும் தருகிறார்கள். பத்து நிமிடம் நின்றால், அன்றைய அறிவிப்பில் பாதியாவது உண்மையாகியிருக்கும். ஆனால் "அங்கேயே உரிச்சா ருசி போயிடும்" என்பது இவ்வகையினரின் கொள்கை. விளைவாக, கூடத்தில் பழைய செய்தித்தாள் விரிக்கப்பட்டு, மனைவியும் தாயாரும் அதன் இருபுறமும் அமர்கிறார்கள். தலையின் முன்னே நீண்டிருக்கும் ரம்பப் பல் முள் விரலில் ஏறாதபடி தலையைத் திருகி எடுக்க வேண்டும். கால்களின் பக்கமாக ஓட்டைப் பிளந்து, வாலைப் பிடித்து இழுத்துச் சதையைக் கழற்ற வேண்டும். பின்பு முதுகில் லேசாகக் கீறி, பல்குத்தும் குச்சியின் நுனியால் அந்தக் கறுப்பு நூலை அறுந்துபோகாமல் நெம்பி எடுக்க வேண்டும். நரம்பு என்று வழங்கப்படும் அந்த நூல் உண்மையில் இறாலின் குடல். அதை விட்டுவிட்டால் பல்லில் மண் கடிபடும். ஒரு கிலோ வாங்கினால் உரித்து முடித்தபின் ஏறக்குறைய அரைக்கிலோ தேறும் என்பது மீன் வாங்கிப் பழகியவர் அனைவரும் அறிந்தது. கால்மணிச் சமையலர் மட்டும் கிண்ணத்தை எட்டிப் பார்த்து, "தராசுல ஏமாத்திட்டாங்க" என்று வருந்திவிட்டு, காணொளியை இன்னொருமுறை பார்க்கப் போய்விடுகிறார்.

பூண்டின் நிலையும் இதுவே. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டுதான் வேண்டும் என்று கேட்டுவிட்டு, வீட்டிலிருக்கும் சிறுபல் பூண்டுக்கு அவர் இறங்கிவருவதைப் பெருந்தன்மை என்றே சொல்ல வேண்டும். பூண்டு உரிக்க எளிய வழி என்று இரண்டு எவர்சில்வர் கிண்ணங்களை வாய்க்கு வாய் பொருத்தி அவர் குலுக்கும் ஓசையில், கீழ்வீட்டார் மேலே நிமிர்ந்து பார்க்கிறார்கள். தோல் பாதி கழன்று அடுப்புக்கடியில் பறக்க, மீதியை மகன் நகத்தால் உரிக்கிறான். அந்த நேரத்தில் தந்தை அவனுக்கு வேதியியல் கற்பிக்கிறார். பூண்டுப் பல்லுக்குள் அல்லின் என்ற சேர்மமும் அல்லினேஸ் என்ற நொதியும், அதாவது வேதிவினையைத் தூண்டும் புரதமும், தனித்தனி அறைகளில் இருக்கின்றன; நசுக்கும்போது தடுப்பு உடைந்து இரண்டும் கலப்பதால் அல்லிசின் உண்டாகி மணம் எழுகிறது; எனவே நசுக்கியபின் பத்து நிமிடம் அப்படியே விட்டுவைப்பது நல்லது என்பது பாடத்தின் சாரம். பாடத்தில் பிழையில்லை. அந்தப் பத்து நிமிடம் எந்தப் பதினைந்து நிமிடத்தில் அடங்கும் என்று மகன் கேட்டால் மட்டும் பாடம் முடிவுக்கு வருகிறது.

அடுப்பைப் பற்றவைக்கும் நொடியில்தான் இவருடைய கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. ஓடத் தொடங்கியதும் வீட்டின் பிற உறுப்பினர்கள் அவருக்குத் திசைகாட்டிகளாக நிற்க வேண்டியிருக்கிறது. பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்த வீட்டில் மிளகுத்தூள் எங்கே இருக்கிறது என்பது அவருக்கு அன்றுதான் எழும் கேள்வி. "ஏங்க, உங்க கண்ணு முன்னாடிதான் இருக்கு" என்ற பதில் வாரந்தோறும் ஒரே தொனியில் வருகிறது. வெண்ணெய் உருகிப் பூண்டு பொன்னிறமாகும் கணத்தில் இறாலைச் சேர்க்க வேண்டும். சட்டியில் இடம் விட்டு இரண்டு முறையாகப் போட்டால்தான் அது வதங்கும், மொத்தமாகக் கொட்டினால் சூடு இறங்கி, இறால் நீர்விட்டு, அந்நீரிலேயே வேகத் தொடங்கிவிடும். "பாதி பாதியா போடுங்க" என்று மனைவி சொல்வதற்கும், "எனக்குத் தெரியும்" என்று சொல்லி இவர் முழுக் கிண்ணத்தையும் கவிழ்ப்பதற்கும் இடையே இடைவெளி இருப்பதில்லை. சட்டியில் தேங்கும் நீருக்கு உடனே 'சாஸ்' என்று பெயரிடுகிறார். பூண்டு கருகியிருந்தால் அது 'ஸ்மோக்கி ஃப்ளேவர்'. இவ்வகையினரின் அடுப்பில் எதுவும் தவறாக நடப்பதில்லை. நடப்பவற்றுக்குப் பெயர் மட்டும் உடனுக்குடன் கிடைத்துவிடுகிறது.

சாம்பல் நிறத்திலிருந்த இறால் சிவக்கும் அந்த ஒரு நிமிடம் உண்மையிலேயே பார்க்கத் தக்கது. அஸ்டாக்சாந்தின் என்னும் சிவப்பு நிறமி பச்சை இறாலில் ஒரு புரதத்தோடு பிணைந்திருப்பதால் அதன் நிறம் மங்கித் தெரிகிறது. சூட்டில் அப்புரதம் குலைந்ததும் நிறமி விடுபட்டு இறால் செம்மஞ்சளாகிறது. அதன் உடல் வளைந்து அரைவட்டமாக நிற்கும்போது இறக்கிவிட வேண்டும். முழுவட்டமாகச் சுருண்டுவிட்டால் கடிக்க ரப்பராகிவிடும். அரைவட்ட நிலையில் கால்மணிச் சமையலர் கைப்பேசியை எடுக்கிறார். கொத்தமல்லித் தழையைத் தூவி, விளக்கின் நிழல் விழாத கோணம் தேடி, நான்கு படங்கள் எடுத்து, உறவினர் குழுவுக்கு அனுப்பி முடிக்கும்வரை அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது.

சட்டியை இறக்கியபின் அவர் சோற்றின் பக்கம் திரும்புகிறார். சோறு அங்கே தயாராக இருக்கிறது. அது எப்போது, எப்படி வந்தது என்ற ஐயம் அவருக்கு எழுவதில்லை. பொன்னி அரிசியைக் களைந்து ஊறவைத்து, இறால் உரிக்கும் நடுவே கைகழுவிக்கொண்டு எழுந்துபோய்க் குக்கரை ஏற்றி, மூன்று விசில் எண்ணி அணைத்து, ஆவி அடங்கியதும் கிளறிவைத்தவர், மிளகுத்தூள் இருக்குமிடத்தைச் சொன்ன அதே மனைவிதான். காணொளியில் சோறு கிண்ணத்தில்தான் இருந்தது. இங்கே குக்கரில் இருக்கிறது. வேறுபாடு பாத்திரத்தில் மட்டும் என்று அவர் எடுத்துக்கொள்கிறார்.

உணவு மேசைக்கு வரும்போது மணி ஒன்பதரை. அதற்குள் சிறுவர்கள் ஒரு பொட்டலம் பிஸ்கட்டைத் தீர்த்திருப்பார்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, முதல் கவளம் ஒவ்வொருவர் வாய்க்குள் போவதையும் அவர் கவனிக்கிறார். தாயார் மட்டும் தயங்காமல், "நல்லாத்தான்டா இருக்கு, துளி மஞ்சத்தூள் போட்டிருக்கலாம்" என்று தீர்ப்பளிக்கிறார். நீதி கருதி ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும்: உணவு சுவையாகவே இருக்கிறது. வெண்ணெயும் பூண்டும் இறாலும் கூடிய ஒன்றை முழுவதுமாகக் கெடுப்பது எளிதன்று. சற்றே ரப்பராகிவிட்ட இறாலும், சாஸ் என்று பெயர் பெற்ற நீரும் சூடான சோற்றில் நன்றாகவே இறங்குகின்றன. எல்லோரும் மறுசோறு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். இவ்வினம் வாரந்தோறும் தழைத்திருப்பதற்கு இந்தச் சுவையே காரணம்.

தட்டு மேசையில் வைக்கப்பட்டதும் அவருடைய கடிகாரம் நின்றுவிடுகிறது. தொட்டியில் குவிந்திருக்கும் பாத்திரங்கள், பூண்டுத்தோல் ஒட்டிய தரை, விடிவதற்குள் நாறத் தொடங்கும் இறால் ஓடுகளை இரண்டு பைகளில் கட்டிக்கொண்டு கீழே குப்பைத்தொட்டிக்கு நடப்பது ஆகியவை அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை. ஆகவே பதினைந்து நிமிடம் என்று அவர் சொன்னது பொய்யன்று. அடுப்பு எரிந்த நேரம் ஏறக்குறைய அவ்வளவுதான். மற்றவர்கள் செலவழித்த நேரத்தைக் கணக்கில் எழுதாத ஒருவகை நேர்மை அது.

இந்தக் கணக்குமுறையை வீட்டுப் பெண்களும் காலப்போக்கில் கற்றுக்கொள்கிறார்கள். திங்கட்கிழமை காலை இட்லியும் சாம்பாரும் மேசைக்கு வரும்போது மனைவி, "இட்லி பத்து நிமிஷம், சாம்பார் ரெண்டே நிமிஷம்" என்று சாதாரணமாகச் சொல்லிவைக்கிறார். ஊறவைத்தது, அரைத்தது, மாவு இரவெல்லாம் புளித்தது, பருப்பு வெந்தது, காய் நறுக்கியது, புளி கரைத்தது ஆகிய அனைத்தையும் தள்ளிவிட்டு, ஆவியில் வைத்ததையும் கடைசியாகக் கடுகு தாளித்ததையும் மட்டும் கொண்டால், கணக்கு சரியாகவே வருகிறது. கால்மணிச் சமையலர் இதில் குத்தல் எதையும் காண்பதில்லை. இரண்டாவது இட்லியைச் சாம்பாரில் நனைத்துக்கொண்டே, உண்மையான அக்கறையோடு அவர் கேட்கிறார்: "அவ்வளவு சீக்கிரம் முடியிற வேலைக்கு ஏன்மா அஞ்சு மணிக்கே எழுந்து உடம்பக் கெடுத்துக்கற?"