டூர் மாமா

புது காலண்டர் வந்ததும் சிலர் ராசிபலன் பார்ப்பார்கள், சிலர் முகூர்த்த நாள் பார்ப்பார்கள். டூர் மாமா வெள்ளிக்கிழமைகளையும் திங்கட்கிழமைகளையும் பார்ப்பார். அரசு விடுமுறை எதுவும் ஞாயிற்றுக்கிழமையில் போய் விழுந்திருந்தால் அந்த வருஷத்தின் மேலேயே அவருக்கு ஒரு கசப்பு. 2025 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை என்பதை முந்தின நவம்பரிலேயே கண்டுபிடித்து, சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் ‘ரிலாக்ஸ்’ என்று எழுதி வைத்துவிட்டார். மறுநாள் சனிக்கிழமை கிருஷ்ண ஜெயந்தி என்பதில்தான் வருத்தம். “கண்ணன் ரெண்டு நாள் தள்ளிப் பொறந்திருந்தா திங்கட்கிழமையும் லீவு. நாலு நாள் கெடைச்சிருக்கும்” என்றார். பகவானுக்குத் திட்டமிடத் தெரியவில்லை என்பதைத்தான் அப்படி மரியாதையாகச் சொன்னார்.

டூர் மாமா இல்லாத குடும்பம் கிடையாது. சில வீடுகளில் அவர் சித்தப்பா, சில வீடுகளில் மூத்த மாப்பிள்ளை. அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கச் செயலாளர். டூர் அத்தைகளும் உண்டு. ஆனால் ஆயிரம் பேருக்கு இலை போட்டுக் கல்யாணம் நடத்திப் பழகியவர்களுக்கு இரண்டு நாள் பயணம் சில்லறைக் காரியம். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அலட்டல் முழுக்க மாமாவோடது.

நான் பக்கத்தில் இருந்து பார்த்த மாமா மேற்கு மாம்பலத்துக்காரர். எல்லாம் அத்தை சொன்ன ஒரு வார்த்தையில் ஆரம்பித்தது. “எங்கயாவது ஏரிக்கரையில போய் ரெண்டு நாள் சும்மா உக்காந்துட்டு வரணும் போல இருக்கு” என்றார் அத்தை. அதில் ‘சும்மா’ மாமா காதில் விழவில்லை. ‘உக்காந்துட்டு’ விழவில்லை. ‘ஏரி’ விழுந்தது.

அன்று ராத்திரியே ஏரிகளின் தேர்வு தொடங்கியது. கொடைக்கானல் முதல் சுற்றிலேயே வெளியேறியது. 1863இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் அமைத்த ஏரி, நட்சத்திர வடிவம், எல்லாம் சரிதான்; ஆனால் சென்னையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். போதாக்குறைக்கு 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேறு. இ-பாஸ் எடுப்பதில் மாமாவுக்குச் சிரமம் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் அப்படி ஒரு வேலை கூடுதலாகக் கிடைப்பதை உள்ளூர ரசிப்பவர். “எத்தனை வண்டி வரணும்னு வேற யாரோ முடிவு பண்றாங்க பாரு” என்பதுதான் உறுத்தல். ஏலகிரி இரண்டாம் சுற்றில் விழுந்தது. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், அவற்றுக்குப் புலவர்கள் பேரும் வள்ளல்கள் பேரும். புங்கனூர் ஏரியைச் சுற்றினால் அரை நாள். மிச்ச ஒன்றரை நாளில் ஜனங்கள் உட்கார்ந்துவிடுவார்கள் என்ற அபாயம் இருந்தது. ஆக, ஏற்காடு.

அடுத்த படலம் ரயில். முன்பதிவு அறுபது நாளைக்கு முன்னால் திறக்கும். ஆகஸ்ட் 14 ராத்திரி வண்டிக்கு ஜூன் 15 காலை எட்டு மணி. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் போட முடியாது, நாங்களோ பதினொரு பேர். அதனால் இரண்டு போன், இரண்டு கணக்கு, இரண்டு ஆள். ஏழே முக்காலுக்கே என்னை எதிரில் உட்கார வைத்து, பெயர், வயது, கீழ்ப் படுக்கை வேண்டியவர்கள் பட்டியலைக் கையில் கொடுத்தார். காப்பி வந்தபோது “இப்ப வேண்டாம், கை நடுங்கும்” என்றார். எட்டு மணி ஆனதும் அவர் முகத்தில் வந்த களையை அவருடைய கல்யாண ஆல்பத்தில்கூட நான் பார்த்ததில்லை.

வண்டி ஏற்காடு எக்ஸ்பிரஸ். பெயரைக் கேட்டுப் பெரியம்மா, ஏரிக்கரையிலேயே இறங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டார். அது ஏற்காட்டுப் பக்கமே போகாது, விடிவதற்குள் நம்மைச் சேலத்தில் இறக்கிவிட்டு அது பாட்டுக்கு ஈரோட்டுக்குப் போய்விடும் என்று மாமா வரைபடம் போட்டு விளக்கினார். “அப்ப எதுக்கு அந்தப் பேரு?” என்று பெரியம்மா கேட்டதற்கு அட்டவணையில் பதில் இல்லை.

அட்டவணையைச் சொல்லியாக வேண்டும். எக்செல் தாளில் ஏழு நிறம். பச்சை பார்க்க வேண்டியது, மஞ்சள் சாப்பிட வேண்டியது, ஊதா பாத்ரூம். ‘ஏற்காடு ரிலாக்ஸ்’ என்று வாட்ஸ்அப் குழு தொடங்கி, அறுபது நாளும் அதில் வாக்கெடுப்பு நடத்தினார். இட்லியா பொங்கலா, ஸ்வெட்டரா சால்வையா. பதினொரு பேரில் மூன்று பேர் கட்டைவிரல் போடுவார்கள், ஒருவர் எதற்கென்று தெரியாமல் ‘குட்மார்னிங்’ ரோஜாப்பூ அனுப்புவார். மற்றவர்கள் நீல டிக்கோடு சரி. மூன்றாவது வாரம் மாமாவைச் சேர்க்காமல் இன்னொரு குழு உருவானது. அதன் பெயர் ‘ஏற்காடு தூக்கம்’. அதில் அத்தை சுறுசுறுப்பான உறுப்பினர்.

அந்தத் தாளின் உச்சம் ‘குறட்டை’ என்ற பத்தி. நான்கு அறை, பதினொரு பேர். யாரை யாரோடு படுக்க வைப்பது என்பதில் மாமா காட்டிய நுட்பத்தைப் பெரிய கட்சிகளின் தொகுதிப் பங்கீட்டில்தான் பார்க்க முடியும். குழுவிலேயே நேரடியாகக் கேட்டார்: “குறட்டை விடுபவர்கள் பெயர் கொடுக்கவும்.” ஒருவரும் கொடுக்கவில்லை. பிறகு மனைவிமார்களிடம் தனித்தனியாகப் போனில் வாக்குமூலம் வாங்கினார். சின்ன மாப்பிள்ளைக்கு எதிராகச் சாட்சி மட்டுமல்ல, ஒலிப்பதிவே வந்தது. மாமா அதைக் காதில் வைத்துக் கேட்டு, ‘மிதம்’ என்று எழுதினார். தாத்தாவுக்குக் ‘கனம்’. காது மந்தமான பெரியப்பாவைத் தாத்தாவின் அறையில் போட்டதும் கணக்கு நேரானது. பேனாவை மூடிவிட்டுச் சற்று நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெயருக்கு நேரே இருந்த கட்டம் காலி. அத்தையிடம் கேட்டேன். “எனக்கும் ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்” என்றார்.

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும். டூர் மாமா இல்லாத நட்பு வட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். கல்லூரி முடித்த நாளிலிருந்து “கோவா போலாம்டா” என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இன்று தலை நரைத்து, சர்க்கரையும் வந்தாயிற்று. இன்னும் தாம்பரத்தைத் தாண்டவில்லை. மாமாவால் உயிர் போகும் என்பது உண்மை. அவர் இல்லாவிட்டால் உடம்பே போகாது.

சேலத்தில் வேன் நின்றிருந்தது. ராத்திரி முழுக்க மணிக்கொரு தரம் எழுப்பப்பட்டதால் ஓட்டுநர் கண் சிவந்திருந்தார். “சார், தூங்கவே விடல சார் நீங்க.” “தூங்கிட்டா வண்டி எப்படிப்பா வரும்?” மாமாவிடம் எல்லாவற்றுக்கும் பை உண்டு: எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், துணி காயப்போடக் கயிறு, புளிக்காய்ச்சல், கொசுவுக்கு ஒடோமாஸ், வாந்திக்கு எலுமிச்சம்பழம். சேலத்திலிருந்து மேலே முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவையும் மாமா சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தார். அட்டவணையில் ‘6.50 – வாந்தி (5 நிமிடம்)’ என்று ஒரு வரி இருந்தது. அச்சுப் பிழை என்று நினைத்தேன். இல்லை, ஒதுக்கீடு. பெரியம்மா பேரன் ஏழாவது வளைவிலேயே, நேரத்துக்கு முன்னால், ஜன்னல் வழியாகக் காரியத்தை முடித்துவிட்டான். மாமா கடிகாரத்தைப் பார்த்து, “நல்ல பையன், அஞ்சு நிமிஷம் மிச்சம்” என்றார்.

ஏற்காட்டில் உட்காருவதற்கென்றே பெயர் வைத்த இடங்கள் மூன்று: லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட். மூன்றிலும் மாமா ஒருவரையும் உட்கார விடவில்லை. லேடீஸ் சீட்டிலிருந்து வானம் தெளிவாக இருந்தால் கீழே சேலம் நகரம் முழுவதும் தெரியும். ஆகஸ்ட் மாதத்து மூடுபனியில் எங்களுக்கு எங்கள் கையே தெரியவில்லை. “சேலம் அங்கதான் இருக்கு, நான் கேரண்டி” என்று வெள்ளையைச் சுட்டிக்காட்டி, எல்லாரையும் அந்த வெள்ளைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்து, தாளில் டிக் போட்டார். சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து போய்க் கும்பிட்டோம், டிக். ஆர்க்கிட் தோட்டத்தில் பூச்சி தின்னும் குடுவைச் செடி, டிக். அந்தச் செடி மட்டும்தான் அன்று எங்கள் கண்ணில் பட்டவற்றில் ஓரிடத்தில் சும்மா இருந்து சாப்பிட்டது.

மலை நகரங்களின் சரித்திரத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஊட்டிக்குக் கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன். இந்த ஏற்காட்டுக்கு, 1820களில் சேலம் கலெக்டராக இருந்து, மலைமேல் காப்பிச் செடியைக் கொண்டுவந்த காக்பர்ன். கீழே வெயிலில் வரி, வழக்கு, மனு என்று மாரடித்த வெள்ளைக்காரர்கள் கொஞ்சம் மூச்சுவிட ஏறி வந்த மலைகள் இவை. எங்கள் மாமா கீழே ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் சாதுவாக ரசீது எழுதுகிறவர். வீட்டில் டிவி ரிமோட்கூட அவர் கைக்கு வருவதில்லை. கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் ஏறியதும் கலெக்டர் ஆகிவிடுகிறார். பதினொரு பேர் கொண்ட ஜில்லா, ஏழு நிற ஆவணம், வேன் ஓட்டுநர் என்ற டவாலி. வருஷத்துக்கு ஒரு முறை, இரண்டே நாள். அந்தப் பதவியை யார் அவரிடமிருந்து பிடுங்குவது? அத்தைகூடப் பிடுங்குவதில்லை. முதுகுக்குப் பின்னால் தூங்கிக்கொள்கிறார்.

சனிக்கிழமை மாலை 4.30 முதல் 5 மணி வரை அட்டவணையில் வெள்ளைக் கட்டம். ‘ஏரிக்கரை – ரிலாக்ஸ்’ என்று போட்டிருந்தது. ஏரி அழகாகத்தான் இருந்தது. பெடல் படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு திரும்பின. கரையோரத்தில் மிளகாய் பஜ்ஜி எண்ணெயில் குதித்தது. பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினார். தாத்தா உட்கார்ந்த இடத்திலேயே ‘கனம்’ என்பதை நிரூபித்தார். அத்தை ஒரு வாழைக்காய் பஜ்ஜியைப் பிட்டு, ஆவி போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பஜ்ஜியில் அவர் செலவழித்த நிதானம் அட்டவணையில் எந்த நிறத்திலும் இல்லை.

மாமா மட்டும் நின்றுகொண்டிருந்தார். உட்கார்ந்தார், எழுந்தார். படகு டிக்கெட் வரிசையில் எத்தனை பேர் என்று எண்ணினார். வேன் டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். மணி 4.38. இன்னும் இருபத்திரண்டு நிமிஷம் அவர் ரிலாக்ஸாக இருந்தாக வேண்டும். அந்த முகத்தைப் பார்த்தால் பல் பிடுங்க உட்கார்ந்திருப்பவர் என்றே தோன்றும்.

அப்போதுதான் பக்கத்தில் ஒரு குடும்பம் சண்டையில் இறங்கியது. ஈரோட்டுப் பக்கத்துக் கொங்குத் தமிழ். “ஏனுங்க, காலைல இருந்து சுத்தறோம், ஒண்ணும் பாக்குலியே!” என்று அந்த அம்மா கேட்க, அவர் கணவர் போனையும் வானத்தையும் மாறிமாறிப் பார்த்தார். மாமாவின் கண்ணில் ஜூன் 15 காலை எட்டு மணியின் களை திரும்ப வந்தது. எழுந்து போனார். “வணக்கம் சார், எத்தன பேரு? பெரியவங்க இருக்காங்களா? மொழங்கால் வலி?” ஐந்து நிமிஷத்தில் லூப் ரோட்டை விரலால் காற்றில் வரைந்து காட்டிவிட்டார். பத்தாவது நிமிஷத்தில் பையிலிருந்து உபரிப் பிரதியை எடுத்துக் கொடுத்தார். லாமினேஷன் போட்டது. மழை வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்தவர் அவர். அந்த மனிதர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, இந்தக் குறட்டைங்கற கட்டம் எதுக்குங்க?” என்று கேட்டார். மாமா அதற்கும் உட்கார்ந்து, ஆமாம், உட்கார்ந்து, பதில் சொன்னார். அன்றைய ரிலாக்ஸ் ஐந்தரை மணிவரை நீண்டது. எங்களுக்கும்தான்.

மறுநாள் காலை பகோடா பாயிண்டுக்குப் போனபோது ஈரோட்டுக் குடும்பம் எங்களுக்கு முன்பே அங்கே இருந்தது. அந்த மனிதர் பாறைமேல் ஏறி நின்று, லாமினேஷன் தாளைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு, “இன்னும் நாலே நிமிசந்தான், எல்லாரும் வண்டிக்கு வாங்க!” என்று விரட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி அத்தையைப் பார்த்தார். அத்தை போனை எடுத்து, ‘ஏற்காடு தூக்கம்’ குழுவில் சேர்க்க அந்த அம்மாவின் நம்பரைக் கேட்டார்.

மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த மனிதரையே சிறிது நேரம் கவனித்தார்.

“ஆள் பரவால்ல. ஆனா பஜ்ஜிக்கு டைம் ஜாஸ்தி குடுத்துருவாரு, பாரு” என்றார்.