அனுப்பியவரின் காவல் தெய்வம்

ஜிமெயிலில் கடிதம் எழுதும் பெட்டிக்கு அடியில் ஒரு சின்னப் பூட்டு இருக்கிறது, கூடவே ஒரு கடிகாரம். அதைத் தட்டினால் கடிதத்துக்கு ஆயுள் குறித்துவிடலாம். ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம், ஐந்து வருடம். கான்ஃபிடென்ஷியல் மோட் என்று பெயர். 2018இல் கூகுள் கொண்டுவந்த இந்த ஏற்பாட்டுக்கு, கொடுத்த வாக்கைப் பின்னால் மாற்றிக்கொள்ள வேண்டியிருப்பவர்கள் அத்தனை பேரும் கடன்பட்டவர்கள்.

அதன் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லியே ஆக வேண்டும். மின்னஞ்சலுக்கு 1982இல் விதி எழுதியவர்கள், ஒரு சர்வர் கொடுக்கும், இன்னொன்று வாங்கிக்கொள்ளும், அதோடு கொடுத்தவரின் பிடி விட்டுப்போகும் என்று வைத்துவிட்டார்கள். அவுட்லுக்கில் காலாவதித் தேதி போட்டாலும் அஞ்சலின் தலைப்பின்மேல் ஒரு கோடு விழும், அவ்வளவுதான். திறந்தால் உள்ளே எல்லாம் அப்படியே இருக்கும். கூகுள் இந்தத் தொல்லையை எவ்வளவு சுலபமாகத் தாண்டியது! கடிதத்தை அனுப்புவதே இல்லை. வாசகம் அதன் சர்வரிலேயே தங்கிவிடும், உங்களுக்கு வருவது எட்டிப் பார்க்க ஒரு வழி மட்டுமே.

அனுப்பியவர்மேல் இதற்கு இருக்கும் பாசம் அபாரம். "சம்பளம் நாற்பதாயிரம், ஒன்றாம் தேதி வந்து சேருங்கள்" என்று ஒரு முதலாளி எழுதுகிறார். இருந்த வேலையை விட்டுவிட்டுப் போய்ச் சேருகிறீர்கள். நான்காம் மாதம் சம்பளம் குறைகிறது. கடிதத்தைத் தேடினால் தலைப்பு இருக்கிறது, தேதி இருக்கிறது, வாசகம் இல்லை. ஃபார்வர்டும் பிரிண்டும் முதல் நாளிலிருந்தே கிடையாது. அவருடைய சென்ட் பகுதியிலோ ஓர் எழுத்துக் குறையாமல் இருக்கிறது. என்ன ஒப்புக்கொண்டார் என்று இனி அவரிடமே போய்க் கேட்டுக்கொள்ளலாம். வழக்கு, வக்கீல், அலைச்சல் எல்லாம் உங்களுக்கு மிச்சம். தவணை முடியும்வரை அவரும் காத்திருக்க வேண்டியதில்லை, நினைத்த நிமிடமே உங்கள் பார்வையை நிறுத்திவிடலாம்.

உங்களையும் மறந்துவிடவில்லை. எஸ்எம்எஸ்ஸில் பாஸ்கோட் வர ஏற்பாடு உண்டு. அதற்காக உங்கள் கைபேசி எண்ணை அனுப்புபவரே கூகுளிடம் சேர்த்துவிடுவார், உங்களைக் கேட்கும் சிரமம்கூட இல்லாமல். அந்தரங்கக் கடிதம்தான், ஆனால் கூகுளின் கண்ணுக்கு மறைத்ததல்ல. இணைய உரிமைகளுக்காகக் குரல் கொடுக்கும் எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 2018லேயே இதையெல்லாம் எடுத்துச் சொன்னது.

அதே ஆண்டு ஏப்ரலில், மார்க் ஸக்கர்பெர்க் அனுப்பிய பழைய செய்திகள் பெற்றவர்களின் ஃபேஸ்புக் மெஸஞ்சரிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது வெளியே வந்தது. அவர்கள் எழுதிய பதில்கள் மட்டும் எதற்குப் பதில் என்றே தெரியாமல் அங்கே கிடந்தன. நிறுவனத் தலைமைக்கு மட்டும் வாய்த்திருந்த அந்த வசதியை, அதே மாதத்தில், வீட்டுக்காரருக்கும் மேலாளருக்கும் காண்ட்ராக்டருக்கும் கூகுள் அறிவித்தது. இதைவிடப் பெரிய சமத்துவம் வேறு உண்டா?

நேர்மையிலும் குறை சொல்ல முடியாது. ஸ்கிரீன்ஷாட் எடுப்பதை இது தடுக்காது என்று கூகுளின் உதவிப் பக்கமே ஒளிக்காமல் சொல்கிறது. ஊரெல்லாம் பரப்ப நினைப்பவர் முதல் நாளே படம் எடுத்து வைத்துக்கொள்வார், அவரை இந்தப் பூட்டு ஒன்றும் செய்யாது. கடிதம் வந்துவிட்டது, பெட்டியில் இருக்கிறது, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று நம்பி விட்டுவைத்தவரிடமிருந்து மட்டும், குறித்த நாளில் தவறாமல் வாங்கிக்கொண்டு போய்விடும்.