சுடலைக்கு எத்தனை வாட்ஸ்?

தாமிரபரணியோடு சிற்றாறு கலக்கும் சீவலப்பேரியில் சுடலைமாடசாமிக்குக் கோயில் உண்டு. நெல்லைச் சீமையில் மாடனுக்குக் கொடைவிழா என்றால் வில்லுப்பாட்டு உண்டு. வில்லுப்பாட்டு என்றால் மைக் செட் உண்டு. இதில் கடைசியாக வந்து சேர்ந்ததுதான் கமிட்டிக் கூட்டத்தில் முதலில் பேசப்படுகிறது.

வில்லுப்பாட்டுக் குழுவில் இருப்பதே ஐந்தாறு பேர். வில், குடம், உடுக்கை, தாளம், கட்டை. நல்ல மைக் நாலும் ஸ்பீக்கர் பெட்டி இரண்டும் தாராளம். கமிட்டியோ "எத்தனை வாட்ஸ்?" என்றுதான் கேட்கும். வாட்ஸை இரு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு அது லேசான மாற்றம், வாடகைக்கு அப்படியல்ல.

பெட்டியை எங்கே வைப்பது என்பது யாருக்கும் கவலையில்லை. பாடுகிறவருக்குப் பின்னால் வைத்தால் அதன் சத்தம் மைக்கில் புகுந்து, மறுபடி பெட்டிக்கே போய் 'கூ'வென்று ஊளையிடும். மாடன்தான் இறங்கிவிட்டானோ என்று முன்வரிசை நிமிர்ந்து உட்காரும். பெட்டியை முன்னால் தள்ளி, கூட்டத்தைப் பார்க்கத் திருப்பினால் பெரும்பாலும் தீரும் சங்கதி. மைக் செட்காரரோ எக்கோவைக் கூட்டுவார். பின்பாட்டுக்காரர் ஒரு தரம் போட்ட 'ஆமா' நாலு தரம் கேட்கும்.

சட்டம் வேறு இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக, ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல், மாநில அரசு 12 மணி வரை தளர்த்தலாம். சாமக்கொடையோ நடுச்சாமத்தில். மாடன் அந்த விதிகளைப் படித்ததாகத் தெரியவில்லை.

கமிட்டியாருக்கு ஒரு வார்த்தை: வாட்ஸைக் கேட்குமுன், குடத்துக்குத் தனி மைக் உண்டா என்று கேளுங்கள்.