ரம்யா எந்த டீம்?

ஓ.எம்.ஆர். பக்கம் எந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் பி.எம். என்ற பெயரில் இரண்டு வகை மனிதர்கள் உலவுவார்கள். ஒருவர் ப்ராஜெக்ட் மேனேஜர், இன்னொருவர் ப்ராடக்ட் மேனேஜர். வெளியாட்களுக்கு இருவரும் ஒன்றுதான். ஊரில் கேட்டால், "பையன் மேனேஜரா இருக்கான்" என்பதோடு அப்பா முடித்துக்கொள்வார். கோட் எழுதுகிறவனுக்குத்தான் வித்தியாசம் தெரியும். தூக்கம் கெடுவது அவனுக்குத்தானே.

ப்ராஜெக்ட் மேனேஜரைக் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

"என்னப்பா, எத்தனை பர்சென்ட் முடிஞ்சிருக்கு?"

"தொண்ணூறு, ப்ரோ."

போன வாரமும் தொண்ணூறுதான். அதற்கு முந்தின வாரமும். அது அவருக்கும் தெரியும். ஆனாலும் எக்செல் கட்டத்தில் 90 என்று போட்டு, பச்சை அடித்துவிடுவார். மேலே போகிற ரிப்போர்ட் முழுக்கப் பச்சை. கீறிப் பார்த்தால் உள்ளே சிவப்பு. தொழிலில் இதற்கு வாட்டர்மெலன் ஸ்டேட்டஸ் என்றே பெயர். ரிலீசுக்கு நாலு நாள் இருக்கும்போது பழம் தானாக வெடிக்கும்.

"ரெண்டு நாள் ஆகும்" என்று டெவலப்பர் சொன்னால், கிளையண்டிடம் ஐந்து நாள் என்பார். திரும்பி வந்து டெவலப்பரிடம், "நாளைக்குச் சாயங்காலம் குடுத்துடுவியா?" நடுவில் மிச்சப்பட்ட நாட்கள் எங்கே போகின்றன என்று யாரும் கேட்பதில்லை. போன ரிலீசின் பாக்கியை அடைக்கவே அவை சரியாகிவிடும்.

தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று 1975-லேயே புத்தகம் போட்டுச் சொல்லிவிட்டார் ஃபிரெட் ப்ரூக்ஸ். ஐ.பி.எம்.மில் ஒரு மாபெரும் மென்பொருள் வேலையை மேய்த்துப் பட்டவர் அவர். நம்மவரும் இதை ஏதாவது சர்டிபிகேட் தேர்வுக்குப் படித்திருப்பார். இருந்தாலும் வேலை பின்தங்கியதும் பெஞ்சிலிருந்து இரண்டு ஃப்ரெஷர்களை இறக்குவார். அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதிலேயே வேலை தெரிந்த ஒரே ஆளின் வாரம் கரைந்துவிடும். கேட்டால், "கிளையண்ட் கால்ல தலை எண்ணிக்கையைக் காட்டணும்ல?" பாவம், அவர் சொல்வதும் நிஜம்தான்.

ப்ராடக்ட் மேனேஜருக்குத் தேதி ஒரு பொருட்டில்லை. "இதை நாம ஏன் பண்றோம்?" என்பார். அதையும் பாதி வேலை முடிந்த பிறகுதான் கேட்பார்.

இவர்களுடைய பூர்வீகம் சோப்பு. 1931-இல் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் கேமே சோப்பின் விளம்பரத்தைக் கவனித்துக்கொண்டிருந்த நீல் மெக்கெல்ராய், ஒவ்வொரு பிராண்டையும் கட்டிக்கொண்டு அழத் தனித்தனி ஆட்கள் வேண்டும் என்று மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். அதே மனிதர் 1957-இல் அமெரிக்காவின் பாதுகாப்பு அமைச்சரானார். சோப்புக்குப் பொறுப்பேற்றவர் ஏவுகணைக்கும் பொறுப்பேற்ற அந்தத் துணிச்சல் வாரிசுகளுக்கும் வந்திருக்கிறது. ப்ராடக்ட் மேனேஜர் கோட் எழுத மாட்டார், யாருக்கும் லீவு சாங்ஷன் செய்யும் அதிகாரமும் கிடையாது. ஆனால் அந்தப் ப்ராடக்டுக்குத் தானே முதலாளி என்று மனதார நம்புவார்.

"ரம்யாவுக்கு இந்தப் பட்டன் பிடிக்காது" என்பது அவருடைய பிரம்மாஸ்திரம். ரம்யா, 28 வயது, தனியார் வங்கி ஊழியர். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வருகிறவர். போனில் எப்போதும் சார்ஜ் இருக்காது. எல்லாம் உண்டு, ஆள்தான் இல்லை. பயனர் என்று பொதுவாகப் பேசாமல் இப்படிப் பெயர், வயதோடு ஒருவரைக் கற்பித்துக்கொள்ளும் வழக்கத்தை 1990-களில் பரப்பியவர் ஆலன் கூப்பர். நம்மவரோ ரம்யாவுக்கு மாமியார் பிரச்சினைவரை யோசித்து வைத்திருப்பார்.

ஒரு மீட்டிங்கில் ப்ராடக்ட் மேனேஜர் ரம்யா புராணத்தைக் கால் மணி நேரம் ஓட்டினார். குனிந்து குறித்துக்கொண்டிருந்த ப்ராஜெக்ட் மேனேஜர் நிமிர்ந்து கேட்டார்: "ரம்யா எந்த டீம்? பில்லபிளா?"

எனக்கு இவர் பக்கம்தான் மனம் சாய்கிறது. தேதி தவறினால் அலுவலகத்துக்கே தெரிந்துவிடும். காரணம் தவறினால் அதற்குப் பிவட் என்று பெயர் சூட்டி, லிங்க்ட்இன்னில் நீளமாக ஒரு பதிவு போட்டுவிடலாம். ஆனால் யாருமே ரம்யாவைப் பற்றிக் கவலைப்படாத கம்பெனிகளையும் பார்த்தாயிற்று. அங்கே யாரும் தொடாத ஸ்க்ரீன்கள் சொன்ன தேதியில், சொன்ன பட்ஜெட்டில் கச்சிதமாக வெளியாகும். முடித்ததற்குக் கேக்கும் வெட்டுவார்கள்.

பத்துப் பேர் மட்டுமே இருக்கும் ஸ்டார்ட்அப்பில் இரண்டு வேலையும் ஒரே தலையில் விழும். காலையில் அவர், "ஒரு சின்ன பட்டன்தானே, சேர்த்துடலாம்" என்று வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுப்பார். மத்தியானம் ஷெட்யூலைத் திறந்து, "எவன் ஒத்துக்கிட்டான் இதுக்கு?" என்று கத்துவார். சாயங்காலம் சமரசம் பேசக் காலண்டரில் அரை மணி நேரம் ஒதுக்கியிருப்பார். அந்த மீட்டிங்கில் அவர் ஒருவர்தான். அதற்கும் பத்து நிமிஷம் லேட்டாகத்தான் வருவார்.