பெருவுடையார் விமான நிழலும் சுற்றுலாப் பயணியின் உள்ளங்காலும்: ஓர் ஆய்வு

தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி எழுதாதவர் யாரும் மிச்சமில்லை. முதலாம் இராசராசன் 1010-இல் கட்டி முடித்தது, விமானம் 216 அடி, 1987 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது எல்லாம் எழுதியாயிற்று. ஆனால், ஒருநாள் சுற்றுலா வந்தவர் இந்தக் கட்டடக்கலையில் எதைப் பார்க்கிறார், ஏன் அதை மட்டும் பார்க்கிறார் என்பது குறித்து இதுகாறும் முறையான ஆய்வு வெளிவரவில்லை (ஆய்வாளர் தேடவில்லை என்று பொருள்).

பயணிகள் மூவகைப்படுவர். முதலாமவர் அண்ணாந்தவர். உச்சிக்கல் எண்பது டன், ஒரே கல் என்பார். அது பல துண்டுகள் சேர்ந்தது என்று கட்டடக்கலை வல்லுநர்கள் சொன்னால், அவர்களுக்காக இன்னும் பத்து டன் ஏற்றுவார்.

இரண்டாமவர் நந்தி வளர்கிறது என்பவர். வளர்வதை நிறுத்த ஆணி அடித்தாயிற்று, மேலாய்வு தேவையில்லை.

மூன்றாமவர் தத்தியோடி. இவ்வாய்வின் நாயகர் இவரே. செருப்பை வாசலில் விட்டு, பத்து மணி வெயிலில் பிராகாரத்தில் இறங்கியவர். முதல் நான்கடி கம்பீரம். ஐந்தாம் அடியில் குதிகால் தூக்கும். ஏழாம் அடியில் விரல்நுனி மட்டும் தரையைத் தொடும். அதற்குப்பின் சோழர் கலையாவது, நாயக்கர் கலையாவது! விமானத்தின் உள்ளே மேல்தளத்தில் செதுக்கி முடித்த நாட்டியக் கரணச் சிற்பங்கள் 81. நூற்றெட்டில் எஞ்சிய 27-ஐயும் வெளியே வெயிலில் இவரே ஆடிக்காட்டுகிறார் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. (காண்க: வேன் ஓட்டுநர், வாய்மொழி, புறப்படும் அவசரத்தில். ஒப்புநோக்குக: முறுக்கு மடித்து வந்த தாள், எண்ணெய் படாத பகுதி. எண்ணெய் பட்ட பகுதியை ஒளியில் பிடித்துப் படித்தவரின் மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு, பிறகு இருவரும் காபி குடித்தது தனிநூல்.)

பெரும் ஆய்வாளர்கள் ஏன் இதைக் கவனிக்கவில்லை? அவர்கள் மாலை ஐந்து மணிக்குமேல் வருபவர்கள். அதனால் அவர்கள் நூல்களில் கல்வெட்டு உண்டு, கொப்புளம் இல்லை.

இனி நிழல். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது நாடறிந்த செய்தி. சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணித் தொடக்கத்திலும் தஞ்சையில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நிழல் அடிப்பீடத்துக்குள் ஒடுங்கிவிடும். மற்றபடி காலையில் மேற்கே, மாலையில் கிழக்கே தாராளமாக விழுகிறது. மார்கழியில் நண்பகலிலும் வடக்கே சண்டிகேசுவரர் சந்நிதிப் பக்கம் நீள்கிறது.

கள ஆய்வு இதை உறுதிசெய்தது. காலையில் மேற்குப் பிராகாரத்தில் ஒரு குடும்பம் தத்திவந்து இருண்ட பட்டையொன்றில் சேர்ந்தது. தாத்தா ஒரு காலை மறு காலில் தேய்த்துக்கொண்டே, “இந்தக் கோபுர நிழல் மட்டும் தரையிலயே விழாது, தெரியுமா?” என்றார். பேத்தி குனிந்து பார்த்தாள். “அப்ப நாம எதுல தாத்தா நிக்கிறோம்?”

“பேசாம உள்ள தள்ளி நில்லு. கால் சுடும்.”

ஆக, பயணி பார்ப்பது நிழல் போகும் வழியிலுள்ள கலையை மட்டுமே என்று நிறுவப்படுகிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் இது பொருந்தவில்லை. அங்கே சுற்றிலும் புல்தரை. பயணி நினைத்த இடத்தில் நின்று நினைத்த சிற்பத்தைப் பார்க்கிறார். புல்லை அகற்றுமாறு தொல்லியல் துறைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.