அடுப்புக்கு எடுத்த செங்கல்

எங்கள் பாட்டி வீட்டு அடுப்புக்குக் கல் வந்தது டச்சுக்காரர்களின் கோட்டையிலிருந்து. எழுபதுகளில் புதுப்பட்டினத்திலிருந்து கரையோரமாக வடக்கே நடந்து சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குள் நுழைந்துவிடுவோம். ஏனென்று கேட்க ஆளிருக்காது. உள்ளே ஆடு மேயும். கிடங்கின் நீண்ட சுவரில் கரியால் மூன்று கோடு கிழித்தால் அதுதான் ஸ்டம்பு. விளையாட்டு முடிந்ததும், உதிர்ந்து கிடக்கும் மெல்லிசான செங்கற்களைக் கோணிப்பையில் அள்ளி வருவோம். "அந்தக் காலத்துக் கல்லுடா, நல்லா சூடு தாங்கும்" என்பாள் பாட்டி.

மஸ்லின் துணியைக் கப்பலேற்றிய ஊர் அது. 1782 பிப்ரவரி 17 அன்று அந்தக் கோட்டைக்கு எதிரே கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் ஆங்கிலேயர் எட்வர்ட் ஹியூஸும் மோதினார்கள். கல்லைச் சுமந்து வந்த வயதில் எனக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தால் கோணிப்பையைத் தூக்கியிருக்க மாட்டேன் என்றுதான் நம்புகிறேன்.

இன்று அங்கே தொல்லியல் துறையின் பலகை இருக்கிறது, காவலர் இருக்கிறார். டச்சு எழுத்து பொறித்த கல்லறைகளைப் பார்க்க அவரிடம் கேட்டுத்தான் பூட்டைத் திறக்க வேண்டும். போன மாதம் அந்தப் பழைய சுவரில் கை வைத்தேன். "தொடாதீங்க சார்" என்றார். மனம் நிறைந்துவிட்டது. இப்படிச் சொல்ல அன்றைக்கு ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் அன்று ஊருக்குள் நின்ற வீடுகளில் பல இன்று இல்லை. பாட்டி வீடு மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்திரம், அதன்மேல் சாய்வாக அடுக்கிய சின்னச் செங்கல், சுண்ணாம்புத் தளம். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சாந்து. கடற்காற்றில் சுவர் உதிரத் தொடங்கியபோது, எல்லாரும் சொன்னார்களே என்று சிமென்ட் பூசினோம். சுண்ணாம்புச் சுவர் குடித்த ஈரத்தைத் தானே வெளியே விட்டுவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்தது. உப்பு உள்ளேயே தங்கிச் செங்கல்லைத் தின்றது. நான்கே வருடத்தில் சுவர் பொருமியது. "இனி தாங்காது" என்றார் கொத்தனார். 2006-ல் நானே பக்கத்தில் நின்று இடிக்க வைத்தேன். வீட்டுக்கு வந்தது நோயில்லை, நாங்கள் கொடுத்த மருந்துதான் அதைக் கொன்றது என்பது எனக்குப் புரியப் பத்து வருடம் ஆனது.

2010-ல் திருத்திய மத்தியச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்ப முடியாது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி வேண்டும். கோட்டைக்கு அது நல்ல அரண். பட்டியலில் ஏறாத திண்ணை வீட்டுக்கு அது எட்டாது. 2012-ல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையத்துக்கென்று மாநிலச் சட்டமும் வந்தது. அந்த ஆணையத்தின் பட்டியலில் செங்கல்பட்டிலும் மதுராந்தகத்திலும் திருக்கழுக்குன்றத்திலும் மிஞ்சியிருக்கும் தெருக்கள் ஏற வேண்டும் என்பது என் ஆசை. கோட்டையில் கிடங்கு வைத்தவன் வாழ்ந்தது மட்டும் சரித்திரம், துணி நெய்தவனும் மீன் விற்றவளும் உட்கார்ந்த திண்ணை சரித்திரமில்லையா? ஏட்டில் மட்டும் இருந்தாலும் போதாது. சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடி நான் மூன்று ஊர் அலைந்தேன்.

அலைந்தது சித்தப்பாவுக்காக. தெருக்கோடியில் அவர் வீடு ஒன்றுதான் பழையபடி நிற்கிறது. மச்சு ஒழுகுகிறது. "இடிச்சுட்டு கான்கிரீட் போட்டுடலாம்னு பாக்குறேன்டா" என்றார்.

"சிமென்ட் மட்டும் தொடாதீங்க சித்தப்பா. ஐப்பசி மழைக்குள்ள ஒழுகலை நிறுத்திக் காட்டுறேன். நிக்கலேன்னா உங்க இஷ்டம்."

கொஞ்ச நேரம் உத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, செஞ்சு பாரு."

கொல்லையில் இரண்டு தொட்டி கட்டியிருக்கிறோம். ஒன்றில் சுண்ணாம்பு, மற்றதில் கடுக்காய். ஊறிக்கொண்டிருக்கின்றன.