திண்ணை வேதாளம்: புதுச்சேரிக்கு ஏற்ற இறவாதோர் இலக்கணம்

மேசையைச் சுற்றி அமர்ந்தோர் ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, நடப்பது இன்னதென்று பேச்சாலும் பகடையாலும் முடிவு செய்யும் ஆட்டவகைக்குக் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மூலநூலாகும். செத்தும் சாகாத ‘இறவாதோரை’ எலும்புக்கூடு முதல் வேம்பயர் ஈறாக எட்டு வகையாக்கி வலிமை வரிசையில் நிறுத்திய அந்நூலின் இலக்கணமும், பின்வந்த பதிப்புகள் அதில் சேர்த்த விதிகளும் புதுச்சேரித் தெருக்களுக்குப் பொருந்துமா என்பது இங்கு ஆராயப்படுகிறது.

முதலில் ஓடும் நீர் விதி. வேம்பயர் என்னும் குருதி குடிக்கும் பிணம் ஓடும் நீரில் நின்றால் அதன் உயிர்ப்புள்ளி, அதாவது எத்தனை அடி தாங்கும் என்பதைக் காட்டும் எண், குறைந்துவிடும். பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த கடற்கரைப் பகுதியையும் தமிழர் வாழ்ந்த மேற்குப் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்கால் இதற்கு நல்ல அரணாகத் தோன்றலாம். ஆயினும், அதில் கிடப்பது நீர்தான் என்று ஒப்புக்கொள்வோரும் அது ஓடுகிறது என்று கோடையில் சத்தியம் செய்யத் தயங்குவர் என்பதால், ஐப்பசி கார்த்திகை அடைமழை தவிர்த்த நாள்களில் இவ்விதியை நம்புவது பேதைமை.

அழைப்பின்றி எவர் வீட்டினுள்ளும் வேம்பயர் நுழையலாகாது என்னும் விதியோ இதனினும் நுட்பமான சிக்கலை எழுப்புகிறது. மதிலும் பெருங்கதவும் கொண்ட பிரெஞ்சுப் பாணி வீடுகளில் உள் எது, வெளி எது என்பதில் ஐயமில்லை. தமிழர் பகுதியின் பழைய வீடுகளிலோ தெருவை ஒட்டி மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரமும், அதனையடுத்து வழிப்போக்கர் கேளாமலே அமர்ந்து இளைப்பாறுவதற்கென்று திண்ணையும் கட்டப்பட்டுள்ளன. திண்ணையை வீட்டின் உள் என்று கொண்டால், அழைப்பு செங்கல்லும் சுண்ணாம்புமாக முன்பே கட்டிவைக்கப்பட்டுவிட்டது. வெளி என்று கொண்டாலோ அழைப்பே வேண்டியதில்லை. எவ்வாறு வாதிட்டாலும் அப்பிணம் திண்ணையில் வந்து அமர்ந்துவிடும். அதற்குத் தண்ணீர் கொடுப்பதா என்பது வீட்டாரின் பண்பைப் பொறுத்தது.

இறவாதோர் யாவரும் தீயோர் என்னும் பொதுக்கொள்கையும் இங்கு நில்லாது. இதே ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலில் தோன்றிய அம்மையார் பேயுருவை வேண்டிப் பெற்று, அறுபத்துமூன்று நாயன்மாருள் ஒருவராக வணங்கப்படுகையில், அரக்கர் குறிப்பேட்டில் ‘தீமை’ என்று முன்கூட்டியே அச்சிட்டு வைப்பது பதிப்பாளரின் அவசரமேயாகும்.

ஆதலின் புதுச்சேரிக்குரிய அரக்கனை வேதாளத்திலிருந்து தொடங்குவதே தகும். விக்கிரமாதித்தன் தோளில் ஏறிக் கதை சொல்லும் அது, கதை முடிவில் கேட்கும் கேள்விக்கு விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும் என்று அச்சுறுத்தும். சொன்னாலோ மௌனம் கலைந்ததென்று மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். வாளுக்கு வேலையின்றி ஆட்டக்காரரைத் திண்டாடவைக்கும் இத்தகைய பொறி மேலை நூல்களின் எலும்புக்கூட்டுக்கு வாய்க்கவில்லை. பல்லும் நகமும் வரைவதில் மையைச் செலவிடும் அமைப்பாளர் அதில் பாதியை நாவுக்கு ஒதுக்கியிருக்கலாம்.

இவ்வாறு அமையும் ‘திண்ணை வேதாளம்’ 22 உயிர்ப்புள்ளிகள் கொண்டது. கொல்லையில் முருங்கை உள்ள வீட்டையே நாடுவது. கதை சொல்லி முடித்தபின், எதிரே நிற்பவர் உயிரோடிருப்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பது. ‘நேரில் நிற்கிறேனே’ என்னும் விடை செல்லாது. ஓய்வூதியர் நேரில் நின்றாலும் ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்றிதழ் அளித்தாக வேண்டும் என்பதையும், பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஊர் திரும்பிய ‘சொல்தா’க்களும் இதற்கு விலக்கல்லர் என்பதையும் அறிந்த ஊர் இது. சான்றிதழ் காட்டாதவர் இருபது முகப் பகடையை உருட்டி 15-க்குக் குறையாமல் பெற்றாலன்றித் தலை தப்பாது.

தலை தப்பியவர் சினங்கொண்டு அதே கேள்வியை வேதாளத்திடம் திருப்பிக் கேட்பதற்கும் விதியில் இடமுண்டு. ஓய்வூதியர் சான்றிதழ் அளிக்கும் நவம்பர் மாதமாயின், அது முறையாகக் கையொப்பமும் முத்திரையும் பெற்ற சான்றிதழை எடுத்து நீட்டும். அந்நொடி முதல் அது உயிருள்ளதாகக் கருதப்படுமாதலால், இறவாதோரை விரட்டும் பூசாரியின் ஆற்றல் அதனிடம் பலிக்காது. அதனை வென்றோர்க்குப் புதையலாகச் சேரும் ஓய்வூதிய நிலுவையை யூரோவில் கணக்கிடுவதா, ரூபாயிலா என்பதை ஆட்டம் நடத்துபவர் முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும்.